மென் எக்ஸ்கதிர் ஸ்பெக்ட்ரோமீட்டரை காலிபிரேட் செய்வது எப்படி: லேசர் பிளாஸ்மா ஆய்வுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

முதல் தடவை எனக்கு ஏழு மாதம் பிடித்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டால் உருப்படியான அளவீடு பத்து நாள் வேலைதான். மீதியெல்லாம், முன்பு இருந்தவர் விட்டுப்போன ஃபைலை நம்பியது, ஃபில்டர் டப்பாவில் ஒட்டியிருந்த லேபிளை நம்பியது, ஒரு படிவம் தாமதமானதால் சும்மா காத்துக் கிடந்தது என்று போனது. உங்களுக்கும் அவ்வளவு காலம் வீணாக வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன், வேலையை எந்த வரிசையில் செய்ய வேண்டுமோ அதே வரிசையில்.

லேசரை ஒரு டார்கெட் மேல் சுட்டால் (ஒரு சுடுதலை ஷாட் என்போம்) பிளாஸ்மா உண்டாகும், அதிலிருந்து வரும் மென் எக்ஸ்கதிரை அலைநீளம் வாரியாகப் பிரித்துப் பதிவு செய்வதுதான் இந்த ஸ்பெக்ட்ரோமீட்டர். நான் பேசுவது சுமார் 0.5 முதல் 20 நானோமீட்டர் வரை பார்க்கும் கருவிகளைப் பற்றி. ஒரு எண்ணை இப்போதே சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்: 1239.84ஐ நானோமீட்டரால் வகுத்தால் எலக்ட்ரான்வோல்ட். குழுவில் பாதிப்பேர் அலைநீளத்தில் பேசுவார்கள், பாதிப்பேர் ஆற்றலில் பேசுவார்கள், பழைய கட்டுரைகள் ஆங்ஸ்ட்ராமில் இருக்கும். மூன்றுக்கும் நடுவில் தலை சுற்றும்.

1. எந்த அளவுக்குத் தேவை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

காலிபிரேஷன் என்ற ஒரே சொல்லை மூன்று தனித்தனி வேலைகளுக்குச் சொல்கிறார்கள். எந்தப் பிக்சல் எந்த அலைநீளம் என்று கண்டுபிடிப்பது முதல் வகை. எந்த அயனி இருக்கிறது என்று மட்டும் பார்க்க இது போதும், சொந்த ஆய்வகத்திலேயே ஒரு வாரத்தில் முடியும். இரண்டாவது, ஓர் அலைநீளத்தோடு ஒப்பிட்டால் இன்னொன்றில் கருவி எவ்வளவு உணர்கிறது என்பது. இரண்டு கோடுகளின் விகிதத்தை வைத்து வெப்பநிலை சொல்ல இது கட்டாயம். மூன்றாவது முழு அளவுக்கணக்கு, அதாவது பிளாஸ்மாவிலிருந்து ஒரு ஸ்டெரேடியனுக்கு (திண்மக் கோணத்தின் அலகு) இத்தனை ஃபோட்டான் வந்தது என்று சொல்வது. இதற்கு ஒரு வருடத் திட்டம் வேண்டும்.

வழிகாட்டியிடம் கேட்டால் பெரும்பாலும் மூன்றாவதைத்தான் சொல்வார். அப்போது, எந்தக் கேள்விக்காக அது வேண்டும் என்று ஒருமுறை திருப்பிக் கேளுங்கள். நான் கேட்கவில்லை. கடைசியில் எங்கள் கட்டுரையில் இருந்தது ஒரே ஒரு கோட்டு விகிதம்தான்.

2. காகித வேலையை இன்றே தொடங்குங்கள்

கருவியைத் தொடுவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள், அதிகம் தாமதமாவது இங்கேதான்.

சின்க்ரோட்ரானில் (எலக்ட்ரான்களைச் சுழலவிட்டு எக்ஸ்கதிர்க் கற்றை தரும் பெரிய இயந்திரம்) அளக்கப் போகிறீர்கள் என்றால் விண்ணப்பம் எழுத வேண்டும். பெரும்பாலான இடங்களில் வருடத்துக்கு இரண்டு முறை விண்ணப்பம் வாங்குவார்கள், ஏற்றுக்கொண்ட பிறகும் கற்றை கையில் கிடைக்கப் பல மாதம் ஆகும். ஒரு தேதியைத் தவறவிட்டால் அரை வருடம் போச்சு. கூடவே கேட்கும் தாள்கள்: வெற்றிட அறைக்குள் போகும் ஒவ்வொரு பொருளின் பட்டியல் (ஒயரின் உறை, பசை, ஸ்க்ரூ உட்பட), கருவியின் வரைபடம், பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, கருவி எல்லை தாண்டிப் போவதென்றால் சுங்கத் தாள்கள். பொருள் பட்டியலைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். எங்களைத் திருப்பி அனுப்பியது ஒரு துண்டு பசை டேப்.

சிசிடியை (எக்ஸ்கதிரைப் பதிவு செய்யும் கேமராச் சிப்) சரிபார்க்க இரும்பு-55 மூலம் வேண்டுமென்றால், அது கதிரியக்கப் பொருள் என்பதால் உங்கள் நிறுவனத்தின் கதிர்ப் பாதுகாப்பு அதிகாரியிடம் தனி அனுமதி. பெரிலியம் ஃபில்டர் இருந்தால் அதற்கான கையாளுதல் விதிமுறை. தாலியம் கலந்த டிஏபி கிரிஸ்டல் இருந்தால் அதற்கும். இரண்டும் நச்சு, உடைந்தால் வெறுங்கையால் பொறுக்கக் கூடாது, சாதாரண வாக்யூம் கிளீனரைக் கிட்டேயே கொண்டு வரக் கூடாது.

செலவைப் பொறுத்தவரை, முடிவுகளை வெளியிடும் கல்வி ஆய்வுகளுக்குப் பல ஒளிமூல மையங்கள் கற்றை நேரத்துக்குப் பணம் வாங்குவதில்லை. பயணமும் கருவியை அனுப்பும் செலவும் உங்களுடையது. தேசிய அளவியல் நிறுவனங்களிடம் டையோடு (ஒளியளவை மின்னோட்டமாகத் தரும் சிறு டிடெக்டர்) கொடுத்துச் சான்றிதழோடு வாங்கினால் கட்டணம் உண்டு, ஆனால் அந்தச் சான்றிதழ் டையோடு ஒன்று கையில் இருந்தால் பிறகு பல வேலைகளை வீட்டிலேயே முடிக்கலாம். நான் மறுபடி தொடங்கினால் முதலில் அதைத்தான் வாங்குவேன்.

3. வெற்றிடம், குளிர்விப்பு: வரிசையை மாற்றாதீர்கள்

மென் எக்ஸ்கதிர் காற்றில் நடமாடாது, அதனால் எல்லாமே வெற்றிடத்துக்குள். இங்கே செய்யும் தவறு பின்னால் ஒவ்வொரு எண்ணிலும் வந்து நிற்கும்.

மெல்லிய ஃபில்டர் இருக்கும்போது பம்பை ஒரேயடியாகத் திறந்தால் ஃபில்டர் கிழியும், இருபுறமும் காற்று சமமாக இறங்க வேண்டும். சிசிடியைக் குளிர்விப்பது நல்ல வெற்றிடம் வந்த பிறகுதான். முன்னாலேயே குளிர்வித்தால் அறையில் இருக்கும் ஈரமும் எண்ணெய் ஆவியும் நேரே சிசிடியின் முகத்தில் படியும், ஏனென்றால் அறைக்குள் மிகக் குளிர்ந்த பரப்பு அதுதான். அந்தப் படலம் கண்ணுக்குத் தெரியாது. கார்பன் விளிம்புக்கும் ஆக்சிஜன் விளிம்புக்கும் (விளிம்பு என்றால் ஒரு பொருளின் உறிஞ்சல் திடீரென மாறும் அலைநீளம்) பக்கத்தில் மட்டும் உணர்திறன் குறைந்திருக்கும், நீங்கள் பிளாஸ்மாவில் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்துவிட்டதாக நினைப்பீர்கள். திறக்கும்போது நேர் எதிர் வரிசை: முதலில் அறை வெப்பநிலைக்கு வரட்டும், அப்புறம் நைட்ரஜனை உள்ளே விடுங்கள்.

4. அலைநீளம்

பொறுமை இங்கே வேண்டும். ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். மில்லிமீட்டருக்கு 1200 கீறல் உள்ள கிரேட்டிங் (பாடப்புத்தகத்தில் படித்த கீற்றணிதான்), 87 டிகிரி படுகோணம், ஒளிமூலம் 237 மில்லிமீட்டரில், டிடெக்டர் தளம் 235 மில்லிமீட்டரில். 5 முதல் 20 நானோமீட்டருக்கு நிறையப் பேரிடம் இருக்கும் தட்டைப்புல அமைப்பு இது.

கிரேட்டிங் சமன்பாட்டில் போட்டால், 5 நானோமீட்டர் கிரேட்டிங் தளத்திலிருந்து 28.7 மில்லிமீட்டர் உயரத்தில் விழும், 20 நானோமீட்டர் 54.0 மில்லிமீட்டரில் விழும். 12.5 நானோமீட்டர் விழுவது 43.05இல். இப்போது இரண்டு முனைகளையும் நேர்கோட்டால் இணைத்துவிட்டு, 43.05இல் என்ன அலைநீளம் என்று கேளுங்கள். 13.5 என்று பதில் வரும். ஒரு முழு நானோமீட்டர் பிழை! தெரிந்த கோடு இரண்டை வைத்து நேர்கோடு போடுவதை இன்னும் எத்தனையோ பேர் செய்கிறார்கள், நானும் செய்தேன். 5 நானோமீட்டர் பக்கம் ஒரு மில்லிமீட்டருக்கு 0.42 நானோமீட்டர், 20 பக்கம் 0.75. பிக்சல் 13.5 மைக்ரானாக இருந்தால் ஒரு பிக்சலுக்கு 0.006 முதல் 0.010 வரை மாறும்.

அதனால் கண்டபடி பல்லுறுப்புக்கோவை போடாமல் கிரேட்டிங் சமன்பாட்டையே பொருத்துங்கள். மாறவிட்டுப் பொருத்த வேண்டியவை மூன்றுதான்: படுகோணம், டிடெக்டர் தூரம், டிடெக்டர் உயரம். தூரத்தில் 1 மில்லிமீட்டர் தவறினால் 5 நானோமீட்டரில் 0.05, 20இல் 0.17 நானோமீட்டர் பிசகும், ஆகவே வரைபடத்தில் எழுதியிருக்கும் தூரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

எந்தக் கோடுகள்? மேலே சொன்ன 5 முதல் 20 வரையிலான பகுதிக்கு நான் பயன்படுத்துபவை இவை. பிளாஸ்டிக் அல்லது கிராஃபைட் டார்கெட்டில் கார்பன் லைமன் ஆல்ஃபா (ஒரே எலக்ட்ரான் மிஞ்சிய அயனியின் முதல் கோடு) 3.3736 நானோமீட்டர், ஹீலியம் போன்ற, அதாவது இரண்டு எலக்ட்ரான் மிஞ்சிய கார்பனின் ஒத்திசைவுக் கோடு 4.0268. இவை நேரடியாகச் சட்டத்துக்குள் வராவிட்டாலும் இரண்டாம், மூன்றாம் வரிசையில், அதாவது இரண்டு, மூன்று மடங்கு அலைநீளம் விழும் இடத்தில் வரும்: 6.747, 10.121, 8.054, 12.080. போரான் நைட்ரைடு டார்கெட்டில் ஹீலியம் போன்ற போரானின் 6.031. லித்தியம் உள்ள டார்கெட்டில் 13.50. ஆக்சிஜன் உள்ள எதிலும் ஐந்து எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜனின் 15.01, 17.30. இதற்கும் மேலே, தங்கம் போன்ற கனமான டார்கெட்டில் தொடர் நிறமாலை எடுத்தால் அலுமினிய ஃபில்டரின் விளிம்பு 17 நானோமீட்டரில் ஒரு படிக்கட்டு மாதிரி தெரியும், அது இலவசமாகக் கிடைக்கும் அடையாளம். துல்லிய மதிப்புகளை நிஸ்ட் (அமெரிக்கத் தேசிய அளவியல் நிறுவனம்) அணு நிறமாலைத் தரவுத்தளத்தில் நீங்களே பாருங்கள். கட்டுரையிலிருந்து கட்டுரைக்கு நகலெடுத்த பட்டியலில் எழுத்துப்பிழைகள் உலவுகின்றன.

கிரேட்டிங்குக்குப் பதில் கிரிஸ்டல் வைத்த ஸ்பெக்ட்ரோமீட்டர் என்றால் அலுமினியம்தான் வசதி: ஹீலியம் போன்ற அலுமினியம் 0.7757, லைமன் ஆல்ஃபா 0.7173 நானோமீட்டர். கேஏபி கிரிஸ்டலின் இரட்டைத் தள இடைவெளி 2.663 நானோமீட்டர் என்று வைத்தால் முதல் கோடு ஏறக்குறைய 16.9 டிகிரியில் வரும். கேஏபி, ஆர்பிஏபி எல்லாம் தண்ணீரில் கரையும் கிரிஸ்டல்கள், ஈரம் படாத பெட்டியில் வையுங்கள், ஈரத்துணி கிட்டே வேண்டாம்.

இனி பொறிகள்.

நான் மூன்று வாரம் ஏமாந்தது 6.75 நானோமீட்டரில். எந்த உலோக டார்கெட் வைத்தாலும் அழகான ஒரு கோடு, டார்கெட்டுக்கு டார்கெட் உயரம் மட்டும் மாறியது. உலோகத்தின் அயனிக் கோடு என்று பெயர் வைத்து, அதை வைத்தே அச்சையும் பொருத்திவிட்டேன். கடைசியில் ஒரு நாள் வெறும் பிளாஸ்டிக் துண்டை வைத்துச் சுட்டபோது அது திரையை முட்டிக்கொண்டு நின்றது. டார்கெட்டின் மேல் படிந்திருந்த எண்ணெயின் கார்பன், 3.37இன் இரண்டாம் வரிசை. இதைக் கண்டுபிடிக்க நல்ல வழி, ஒரு மெல்லிய கார்பன் அல்லது பாலிமர் ஃபில்டரைச் செருகுவது. கார்பன் விளிம்பு 4.36 நானோமீட்டரில் இருப்பதால் அதைவிடக் குறுகிய 3.37 அப்படியே அடிவாங்கும், உண்மையான 6.75 என்றால் ஓரளவு நிற்கும்.

ஸ்லிட் (ஒளி நுழையும் மெல்லிய பிளவு) இல்லாத அமைப்பு என்றால் பிளாஸ்மா இருக்கும் இடமே ஸ்லிட். டார்கெட் பரப்பு 100 மைக்ரான் நகர்ந்தால் 5 நானோமீட்டர் பக்கத்தில் கோடு சுமார் 43 மைக்ரான், அதாவது மூன்று பிக்சல் நகரும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் டார்கெட் நிலையைக் குறித்துவைக்காவிட்டால் அதை டாப்ளர் (பிளாஸ்மாவின் வேகத்தால் வரும் அலைநீள நகர்வு) என்று எழுதிவிடுவீர்கள். ஒப்பிட்டுப் பாருங்கள்: நொடிக்கு 100 கிலோமீட்டர் விரிவு வேகம் 3.37இல் தரும் உண்மையான நகர்வு 0.001 நானோமீட்டர்தான்.

ஹீலியம் போன்ற கோடுகளின் நீள அலைநீளப் பக்கத்தில் துணைக் கோடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். மொத்தத் திரளின் மையத்தை எடுத்தால் அந்தப் பக்கம் இழுபடும், உச்சியைத் தனியாகப் பொருத்துங்கள். பொருத்தி முடித்ததும் ஒரு கோட்டை வேண்டுமென்றே பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, மீதியை வைத்து அது எங்கே வரும் என்று கணித்துப் பாருங்கள். ஒரு பிக்சலுக்கு மேல் தவறினால் எங்கோ ஒரு கோட்டுக்குத் தவறான பெயர் வைத்திருக்கிறீர்கள்.

5. ஃபில்டர்: லேபிளை நம்பாதீர்கள்

லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தின் எக்ஸ்கதிர் ஒளியியல் மையம் இணையத்தில் ஒரு கால்குலேட்டர் வைத்திருக்கிறது. பொருள், தடிமன் கொடுத்தால் எவ்வளவு ஊடுருவும் என்று வரைந்து தரும். ஹென்கேயும் குல்லிக்சனும் டேவிஸும் 1993இல் வெளியிட்ட அட்டவணைதான் அதன் அடிப்படை. அருமையான சாதனம், ஆனால் விளிம்புகளுக்கு மிக அருகில் அணுக்களைத் தனித்தனியாக எடுத்துக்கொண்ட கணக்கு அது, உண்மையான பொருளின் நுண்ணமைப்பு அதில் இருக்காது. விளிம்பின் மேலேயே உங்கள் கோடு விழுந்தால் வேறு ஃபில்டருக்கு மாறுங்கள்.

தடிமன் பிழை எப்படிப் பெருகும் என்று பாருங்கள். 10 சதவீதம் மட்டும் ஊடுருவ விடும் ஃபில்டரில், தடிமன் 10 சதவீதம் தவறினால் ஒளியளவில் 23 சதவீதம் தவறும். டப்பாவில் எழுதியிருக்கும் தடிமன் ஆர்டர் கொடுத்தபோது கேட்ட தடிமன், வந்த தடிமன் அல்ல. அலுமினியம் என்றால் இருபுறமும் சில நானோமீட்டர் ஆக்சைடு உண்டு, அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். முடிந்தால் அந்த ஃபில்டரையே அளந்துவிடுங்கள். முடியாவிட்டால் ஒரே ஷாட்டில் சிசிடியின் பாதியை ஒரு ஃபில்டராலும் மறு பாதியை இரட்டை ஃபில்டராலும் மூடிப் பாருங்கள், இரண்டின் விகிதம் ஒரு ஃபில்டரின் ஊடுருவலைத் தந்துவிடும்.

ஊசித்துளை சோதனை தினமும்: இருட்டில், பின்னால் விளக்கு வைத்துப் பாருங்கள். லேசர் ஒளி ஒரு துளை வழியே வந்தாலும் பின்புலம் ஏறும். கண்ணாடித் தகட்டால் மூடி ஒரு ஷாட் எடுத்தால் எக்ஸ்கதிர் முழுதும் நின்றுவிடும், அப்போதும் சிசிடியில் தெரிவது கசிவு ஒளி. அப்புறம், டார்கெட்டிலிருந்து தெறிக்கும் துகள் ஃபில்டரில் படியும். ஐம்பது ஷாட்டுக்குப் பிறகு அது நீங்கள் அளந்த ஃபில்டர் அல்ல.

6. டிடெக்டர்

பின்புறம் ஒளி வாங்கும் சிசிடியில் சிலிக்கான் ஓர் எலக்ட்ரானுக்கு 3.65 எலக்ட்ரான்வோல்ட் எடுக்கும். 13.5 நானோமீட்டர் ஃபோட்டான் ஒன்று 25 எலக்ட்ரான், 3.37 நானோமீட்டர் ஃபோட்டான் 100 எலக்ட்ரான். முன்பு சொன்ன இரண்டாம் வரிசைச் சிக்கல் இங்கே மறுபடி தலைகாட்டும்: 6.75 பிக்சலில் விழுந்தது இரண்டாம் வரிசை என்றால், ஃபோட்டான் எண்ணிக்கையை இரண்டு மடங்காக எழுதிவிடுவீர்கள்.

எலக்ட்ரானிலிருந்து கணினியில் தெரியும் எண்ணுக்குப் போவதற்கு இரும்பு-55 எளிது. அதன் 5.9 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஃபோட்டான் சுமார் 1616 எலக்ட்ரான் தரும். ஒற்றைப் பிக்சலில் விழுந்தவற்றை மட்டும் வடிகட்டி வரைந்தால் உச்சி, வைத்துக்கொள்வோம், 808இல் வந்தால் ஓர் எண்ணுக்கு 2 எலக்ட்ரான். மூலத்தின் அரை ஆயுள் 2.7 வருடம், அலமாரியில் பத்து வருடமாகக் கிடப்பதை எடுத்துக்கொண்டு போனால் இரவெல்லாம் உட்கார வேண்டியிருக்கும். கவனம்: படிக்கும் வேகத்தை மாற்றினால் இந்த எண் மாறும். அளந்தபோது இருந்த வேகமும் வெப்பநிலையும் ஷாட்டிலும் இருக்க வேண்டும்.

சிசிடிக்குப் பதில் இமேஜிங் பிளேட் (எக்ஸ்கதிரைப் பதிந்து வைத்து, பிறகு ஸ்கேனரில் படிக்கும் தகடு) என்றால் மேலே பாதுகாப்புப் படலம் இல்லாத டிஆர் வகைதான், மற்றவற்றின் படலமே மென் எக்ஸ்கதிரை விழுங்கிவிடும். பதிவு நேரம் போகப் போக மங்கும், முதல் சில பத்து நிமிடங்களில் வேகமாக. எனவே ஷாட்டுக்கும் ஸ்கேனுக்கும் இடையே எப்போதும் ஒரே இடைவெளி, கையில் கடிகாரம். மைக்ரோசேனல் பிளேட்டில் (நுண்குழாய்களில் எலக்ட்ரான்களைப் பெருக்கும் டிடெக்டர்) வோல்டேஜ் சிறிது மாறினாலும் பெருக்கம் எங்கோ போய்விடும், வலுவான கோட்டில் நிறைவடைந்தும்விடும். முழு அளவுக்கணக்குக்கு அதை நான் பயன்படுத்துவதில்லை.

பெரிய லேசர் என்றால் ஷாட் நேரத்தில் எழும் மின்காந்த அதிர்ச்சி சிசிடியை முடக்கும். உலோகக் கூண்டு, ட்ரிகருக்கு ஒளியிழை. விவரம் பெரிது, உங்கள் ஆய்வகத்து மின்னணுக்காரரிடம் கேளுங்கள்.

7. கிரேட்டிங்கின் திறன்

விழும் ஒளியில் எவ்வளவைக் கிரேட்டிங் டிடெக்டருக்கு அனுப்புகிறது என்பதுதான் அதன் திறன், சின்க்ரோட்ரான் தேவைப்படுவது இதை அளக்கத்தான். பெர்லினில் பெஸ்ஸி 2இல் ஜெர்மன் அளவியல் நிறுவனத்தின் ஆய்வகம், பெர்க்லியில் ஏஎல்எஸ், கெய்தர்ஸ்பர்கில் நிஸ்ட்டின் சர்ஃப் 3, இந்தோரில் இந்தஸ் என இந்த ஆற்றலில் வேலை நடக்கும் சின்க்ரோட்ரான்கள் இருக்கின்றன. போகும்போது கிரேட்டிங்கை மட்டும் கழற்றிக்கொண்டு போவதா, முழுக் கருவியையும் தூக்கிக்கொண்டு போவதா என்ற கேள்வி வரும். முழுக் கருவியும் போவது நல்லது, ஆனால் சின்க்ரோட்ரான் கற்றை மெல்லியது, கிரேட்டிங்கின் ஒரு சிறு பகுதியை மட்டும் தொடும். பிளாஸ்மா ஒளியோ முழுப் பரப்பையும் நிரப்பும். அதனால் குறைந்தது ஐந்து இடங்களில் அளந்து சராசரி எடுங்கள்.

அங்கேயும் உயர் வரிசை உண்டு! மோனோகுரோமேட்டர் 8 நானோமீட்டர் தரும்போது கூடவே 4உம் கொஞ்சம் வரும். அதைத் தடுக்கும் ஃபில்டர் எது என்று கற்றை விஞ்ஞானியிடம் முதல் நாளே கேட்டு வாங்குங்கள். கற்றை முனைவாக்கம் உடையது, பிளாஸ்மா பெரும்பாலும் இல்லை. பரப்பிலிருந்து 3 டிகிரி சாய்வில் ஒளி விழும் கிரேட்டிங்குக்கு இது பெரிதாகப் படாது, ஆனால் 45 டிகிரிக்குப் பக்கத்தில் வேலை செய்யும் கிரிஸ்டலில் ஒரு முனைவாக்கம் முற்றிலும் மறைந்தேவிடும்.

கற்றை கிடைக்கவில்லையா? ஒரே மேல்மட்டத்திலிருந்து இறங்கும் இரண்டு கோடுகளைப் பிடியுங்கள். பிளாஸ்மா தன் ஒளியைத் தானே விழுங்காத அளவுக்கு மெல்லியதாக இருந்தால் அவற்றின் விகிதத்தை அணுவே தீர்மானித்திருக்கும், அளந்த விகிதம் எவ்வளவு விலகுகிறதோ அதுதான் அந்த இரண்டு அலைநீளங்களுக்கு இடையே கருவியின் உணர்திறன் வேறுபாடு. வலுவான கோடுகளில் சுய உறிஞ்சல் இருக்கும் என்பதால் மெல்லிய ஃபோம் அல்லது படல டார்கெட்டில் செய்யுங்கள்.

8. எல்லாவற்றையும் சேர்ப்பது

எண்ணிக்கையிலிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும்: கணினி எண், எலக்ட்ரான், ஃபோட்டான், சிசிடியின் திறன், கிரேட்டிங்கின் திறன், ஃபில்டர், ஸ்லிட் எவ்வளவை விட்டது, திண்மக் கோணம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி, வரிக்கு நேராகப் பிழை, யார் எப்போது அளந்தது, கருவியின் வரிசை எண். என் அனுபவத்தில் பெரிய பிழை எப்போதும் ஃபில்டரிலும் ஸ்லிட்டிலும்தான், எல்லோரும் சண்டை போடும் சிசிடியில் அல்ல. முழு அளவுக்கணக்கில் 5 சதவீதம் பிழை என்று யாராவது எழுதியிருந்தால் எந்த வரியை விட்டுவிட்டார் என்று தேடிப் பாருங்கள்.

ஆய்வு நாட்களின் முதல் ஷாட்டும் கடைசி ஷாட்டும் ஒரே பிளாஸ்டிக் டார்கெட், ஒரே லேசர் ஆற்றல். இரண்டிலும் கார்பன் கோடுகளின் இடமும் உயரமும் ஒத்துப்போனால் நடுவில் எடுத்ததெல்லாம் ஒரே காலிபிரேஷனில் நிற்கும். உயரம் குறைந்திருந்தால் புது ஃபில்டரைப் போட்டு இன்னொரு ஷாட். அப்போது பழையபடி ஏறினால் படிந்தது ஃபில்டரில், ஏறாவிட்டால் கிரேட்டிங்கிலோ சிசிடியிலோ. இந்த ஷாட்டை அறையைத் திறப்பதற்கு முன் எடுக்க வேண்டும், அதனால் உதிரி ஃபில்டரை வெளியே இருந்தே மாற்றும்படி ஒரு சக்கரத்தில் முன்கூட்டியே பொருத்தி வையுங்கள். கழற்றிய ஃபில்டர்களைத் தூக்கிப் போடாதீர்கள், தேதியும் ஷாட் எண்ணும் எழுதி மூடிய டப்பாவில் வைத்தால் அடுத்த கற்றை நேரத்தில் அவற்றையும் அளந்துவிடலாம்.